மிளகாய் வடித்த துணி

1984ஆம் ஆண்டு மாசி மாதத்தின் கடைசி வியாழக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு அந்த வீட்டுக்குள் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரன் அப்பாண்டைராஜ், என் சிற்றப்பா மகன். அவன் மனைவி சாந்திமதி. அவர்கள் மகள் ஜெயமதி, அப்போது இருபத்திரண்டு வயது. கர்நாடகத்திலிருந்து நடந்தே வந்திருந்த முனிவர். அவருக்குத் துணையாகத் திண்டிவனத்திலிருந்து வந்த அனந்தராஜ், பள்ளிக்கூட ஆசிரியர், கன்னடம் தெரிந்தவர். பிறகு நான். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் தோட்டத்துக் கதவுக்கு வெளியே நின்றாள். அவளையும் சேர்த்தால் ஏழு. தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னால் சொன்னவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. அந்த வீட்டுக் கூடத்தில் நாற்பது பேர் நிற்க இடமில்லை.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் உள்ளே தள்ளி இருக்கிறது. எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள், எல்லாம் ஜைனர். மற்ற தெருக்காரர்கள் எங்களை நைனார் என்பார்கள். எல்லோருக்கும் நிலம் உண்டு. நான் எண்பதாம் ஆண்டு வரை கிராம முன்சீப்பாக இருந்தேன். அந்தப் பதவியை அரசாங்கம் எடுத்துவிட்ட பிறகு சொந்தப் பயிரைப் பார்த்துக்கொண்டு, மனைவி இல்லாதபடியால் சாப்பாட்டை மட்டும் அப்பாண்டைராஜ் வீட்டில் வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அப்பாண்டைராஜ் ஒரு ஏக்கரில் மிளகாய் போட்டிருந்தான். பழம் நன்றாகச் சிவந்து, பறித்துக் களத்தில் கொட்டிய அன்று மழை பிடித்தது. மாசியில் பெய்யக்கூடாத மழை. நான்கு நாள் விடவில்லை. மிளகாயைக் கோணிப்பையால் மூடி, கூடத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் பரப்பி, கரி அடுப்பை நடுவில் வைத்துப் பார்த்தார்கள். வீடே இருமியது. மிளகாய் காயவில்லை. ஐந்தாம் நாள் வெயில் வந்தபோது பாதி வெளுத்துப் பூசணம் பிடித்திருந்தது. மீதி கெடாமல் சிவப்பாக, ஆனால் ஈரமாக இருந்தது. இன்னும் இரண்டு நாள் தாங்கும் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

கோவிந்தம்மாள் வேலிப் பக்கம் வந்து நின்றாள்.

"இன்னா நைனாரே, மொளகாவுக்குக் குளுரு எடுக்குதா? கோணி போத்தி வெச்சிருக்கீங்க."

"சிரி, சிரி. உன் ஊட்டு மல்லாட்டையும் மொளைச்சிக்கினுதான் இருக்கும். போயி பாரு" என்றான் அப்பாண்டைராஜ். அவள் வீட்டு வேர்க்கடலையும் அதே மழையில் நனைந்திருந்தது.

"அது மொளைச்சா வேவிச்சித் துன்னுட்டுப் போறோம். இத்த இன்னா பண்ணுவீங்க?"

அவன் கையில் ஒரு மிளகாயை எடுத்து அமுக்கினான். தோல் பிய்ந்து விதை விரலில் ஒட்டியது.

ஜெயமதி அடுப்படியிலிருந்து வெளியே வந்து சொன்னாள்: "சாஸ் பண்ணலாம்பா."

அவள் இரண்டு வருஷம் புதுச்சேரியில் தன் அத்தை வீட்டில் தங்கித் தையல் கற்றவள். அடுத்த வீட்டில் சைகோனிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டம்மா பழுத்த மிளகாயை அரைத்து, வடித்து, பாட்டிலில் அடைத்து வருஷம் முழுக்க வைத்திருப்பாளாம். ஜெயமதி அங்கே தண்ணீர்கூடக் குடித்ததில்லை, ஆனால் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. பூண்டும் புளிக்க வைத்த காடியும் எங்கள் வீடுகளில் ஆகாது. "ஓட்டல் சாமான் நம்ம ஊட்ல எதுக்கும்மா? அதுல பூண்டு போடுவாங்க."

"பூண்டுக்கு பதிலா சுக்கு போடறேன் பெரியப்பா."

"காடி ஊத்துவாங்க."

"எலுமிச்சம்பழம் பிழியறேன்."

"ஒரு வாரம் உப்புல ஊறப்போட்டு, நுரை கட்டினப்பறம்தான் எடுப்பாங்கன்னு நீயே சொன்னியே."

"நான் ஊறப்போட மாட்டேன். அரைச்ச அன்னிக்கே கொதிக்க வெச்சி எறக்கிடுவேன். நுரை வந்துட்டா அதுல உசுரு வந்துட்டுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அத்தனையும் மாத்திட்டா அப்பறம் அது சாஸா?"

"சாப்ட்டு பாத்துட்டு நீங்களே ஒரு பேரு வைங்க."

சாந்திமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். மழையில் போவதற்கு இது மேல் என்று அப்பாண்டைராஜ் சொன்னான். நான் ஒரு நிபந்தனை போட்டேன். மிளகாய் வடிக்கும் துணி தனியாக இருக்க வேண்டும். தண்ணீர்த் துணியோடு சேரக்கூடாது.

தண்ணீர்த் துணியைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் கிணற்றில் இறைத்த தண்ணீரைத் துணியில் வடிக்காமல் குடிக்க மாட்டோம், சமைக்க மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துணியில் தங்கும். வடித்து முடித்ததும் வடித்த தண்ணீரில் கொஞ்சத்தை விட்டு அந்தத் துணியை அலசி, அலசிய தண்ணீரை எடுத்த கிணற்றிலேயே மெதுவாக விட்டுவிடுவோம். எந்த உயிர் எங்கிருந்து வந்ததோ அங்கேயே போய்ச் சேர வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்கள் இதைத் தூக்கத்தில்கூடச் செய்வார்கள்.

அப்பாண்டைராஜ் திண்டிவனம் போய் கெட்டியான காடாத் துணி வாங்கி வந்தான். சாந்திமதி அதை இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதி தண்ணீருக்கு, வடக்குக் கொடி. மறு பாதி மிளகாய்க்கு, தெற்குக் கொடி. கொடிகளைப் பிரித்துச் சொன்னவன் நான்தான்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. மற்ற வீடுகளில் என்றால் காம்பைக் கிள்ளி உரலில் போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது முடியாது. ஒவ்வொரு மிளகாயையும் நீளவாக்கில் கீறி உள்ளே புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தால் அந்த மிளகாயை அப்படியே கொண்டுபோய் வேலிக்கடியில், இலை நிழலில் வைத்தார்கள். மூன்று கூடை மிளகாய். சாந்திமதியும் ஜெயமதியும் கீறினார்கள். கோவிந்தம்மாள் ஆட்டுக்கல்லுக்கு வந்தாள்.

"நைனாரம்மா, நம்மளுக்கே கண்ணு எரியுது. இந்தப் புழு எப்படித்தான் இதுக்குள்ள குடும்பம் நடத்துதோ."

"அதுக்கு அதான் வீடு. பேசாம அரை."

"வீடு மாத்தி வெக்கிறீங்களே, வாடகை கேக்கலாமில்ல?"

"நீ மொதல்ல கையில எண்ணெய் தடவு. அப்பால அழுவாத."

"எனக்கு இன்னா, மரத்துப் போன கை. பாப்பா கையப் பாருங்க. மருதாணி வெச்சாப்பல இருக்குது."

ஜெயமதியின் விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. நல்லெண்ணெய் தடவினாள், புளி கரைத்த தண்ணீரில் முக்கினாள், மோரில் வைத்தாள். எரிச்சல் நிற்கவில்லை. ராத்திரி கையை ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு படுத்ததாக மறுநாள் சாந்திமதி சொன்னாள்.

அரைத்த விழுதை உப்புப் போட்டு மண்சட்டியில் கொதிக்க வைத்து, ஆறியதும் துணியில் கொட்டி, ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து முறுக்கினார்கள். தோலும் விதையும் துணியில் நிற்க, சிவந்த சாறு கீழே சட்டியில் வடிந்தது. அதில் கொஞ்சம் வெல்லமும் சுக்குப் பொடியும் போட்டு மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். கரண்டியிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விட்டால் ஓடாமல் நிற்க வேண்டும். நின்றதும் இறக்கி எலுமிச்சம்பழம் பிழிந்தாள். சர்பத் பாட்டில்களைக் கொதிநீரில் போட்டு எடுத்துக் காயவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் பதினோரு பாட்டில் நிறைந்தது.

இருட்டுவதற்கு முன்னால் எங்களுக்குச் சாப்பாடு முடிந்துவிடும். அன்று கேப்பை அடை. என் தட்டின் ஓரத்தில் ஜெயமதி அந்தச் சாஸை ஒரு கரண்டி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

"எப்படி பெரியப்பா?"

"உப்பு சரியா இருக்குது" என்றேன்.

"பேரு?"

"மொதல்ல தட்ட எடும்மா."

செவ்வாய்க்கிழமை முனிவர் ஊருக்கு வந்தார். கோயில் மண்டபத்தில் தங்கினார். நாளுக்கு ஒரு வேளை, நின்றுகொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் குவித்து அதில் விழுவதை மட்டுமே உண்பவர். காலையில் மனத்துக்குள் ஓர் எண்ணம் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பார். வீடுகளில் ஆகாரம் தயாராக வைத்து வாசலில் காத்திருப்போம். எந்த வீட்டில் அந்த எண்ணம் நிறைவேறுகிறதோ அங்கே நுழைவார். எண்ணம் என்னவென்று யாருக்கும் தெரியாது. உண்ணும்போது அன்னத்தில் ஒரு குற்றம் கண்டால் குவித்த கை பிரியும். கை பிரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் வரை தண்ணீரும் கிடையாது.

பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் இதே வீட்டில் வேறொரு முனிவருக்குக் கை பிரிந்தது. இரண்டாவது கவளத்தில் ஒரு தலைமயிர். அதற்குப் பிறகு இரண்டு முறை முனிவர்கள் ஊருக்கு வந்தார்கள், இரண்டு முறையும் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். அது அவர்களுடைய எண்ணத்தைப் பொறுத்தது. ஆனால் தெரு அப்படிப் பேசவில்லை. சாந்திமதி தலைமயிரைக் குட்டையாக வெட்டிக்கொண்டது அந்த வருஷம்தான். முன்பு இடுப்புக்குக் கீழே இருந்தது.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வேறு வீடுகளுக்குப் போனார். வெள்ளிக்கிழமை ஊரை விட்டுப் புறப்படுவதாக இருந்தது. மீதி வியாழன் ஒரு நாள்.

வியாழக்கிழமை காலை வீடு கழுவப்பட்டு, எல்லோரும் குளித்துச் சுத்தமாக இருந்தோம். ஜெயமதி ஈரச் சேலையோடு கிணற்றடியில் குடத்தை வைத்துக்கொண்டு நின்றாள். ஆகாரம் செய்கிறவள் சுத்தமாக இருக்கும்போது கொடியருகே போய் மற்றத் துணிமணிகளில் பட்டுவிடக்கூடாது. அதனால் என்னைக் கூப்பிட்டாள்.

"பெரியப்பா, வடக்குக் கொடியில தண்ணித் துணி இருக்குது. குச்சியால எடுத்துக் குடுங்க."

நான் போய்ப் பார்த்தேன். வடக்குக் கொடியில் இருந்த துணி பழுப்பேறி இருந்தது. எங்கள் கிணற்றில் இரும்புச் சத்து அதிகம், நாலு நாளில் எந்தத் துணியும் அப்படி ஆகிவிடும். தெற்குக் கொடியில் ஒரு துணி தும்பைப் பூ மாதிரி வெளுத்திருந்தது. மிளகாய் வடித்த துணி சிவப்பாக இருக்கும் என்பது என் எண்ணம். அதை ஜெயமதி சலவைச் சோடாவில் வேகவைத்து, மூன்று நாள் புல்லில் போட்டு வெயிலில் வெளுக்க வைத்தது எனக்குத் தெரியாது. யாரோ புதுத் துணியை இடம் மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்து முனிவர் நம் வீட்டுக்குள் வந்தால் பழுப்புத் துணி அவர் கண்ணில் படக்கூடாது என்றும் நினைத்தேன். வெள்ளையை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் பார்க்காமல் வாங்கிக் குடத்தின் வாயில் கட்டினாள். ஐந்து நாளாக எரிந்துகொண்டிருந்த விரல்களுக்குப் புதிதாக ஓர் எரிச்சல் தெரிய வழியில்லை. தண்ணீரை வடித்தாள். துணியை அலசிய தண்ணீரைக் கிணற்றில் விட்டாள். காய்ச்சிய தண்ணீரை அதே துணியில் இன்னொரு முறை வடித்தாள்.

ஒன்பதரை மணிக்கு முனிவர் தெருவில் வந்தார். கையில் மயிற்பீலி. நான்கு வீடுகளைத் தாண்டினார். அப்பாண்டைராஜும் சாந்திமதியும் வாசலில் கலசத்தோடு நின்று, வாருங்கள், நில்லுங்கள் என்று மூன்று முறை அழைத்தார்கள். நின்றார்.  வலம் வந்து, உள்ளே அழைத்துப்போய், பாதம் கழுவினார்கள்.

முதலில் தண்ணீர். சாந்திமதி சொம்பிலிருந்து குவித்த கையில் விட்டாள். முனிவர் குடித்தார். குடித்ததும் அசையாமல் நின்றார். கண்ணில் நீர் கோத்தது. தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. எங்கள் ஆறு பேரில் ஐந்து பேர் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கை பிரியவில்லை. அடுத்ததற்காக முன்னால் வந்தது.

சோறு, பாசிப்பருப்பு, நெய், வாழைக்காய், பால். இடையிடையே தண்ணீர். கண்ணிலிருந்து நீர் வழிந்து மார்பில் விழுந்தது, அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அடுப்புப் புகை என்று அப்பாண்டைராஜ் நினைத்து, ஜாடையால் ஜெயமதியை அடுப்பை அணைக்கச் சொன்னான். நான் கவளங்களை எண்ணினேன். இருபத்தாறு. முடித்து, வாய் கழுவி, கை தூக்கி ஆசீர்வதித்து, அனந்தராஜோடு கோயிலுக்குப் போய்விட்டார்.

சாந்திமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது.

"ஏங்க, ஆயிட்டுது" என்றாள். "நல்லபடியா ஆயிட்டுதுங்க."

"ஆயிட்டுது. எழுந்திரு. நீ ஒரு வாய் தண்ணி குடி" என்று சொல்லி, சொம்பில் மீதி இருந்ததை அப்பாண்டைராஜ் முதலில் தான் ஒரு மடக்கு குடித்தான். குடித்தவன் இருமிக்கொண்டு தூணைப் பிடித்தான்.

"இன்னாது இது? தண்ணி எரியுது."

சாந்திமதி வாங்கி நாக்கில் விட்டுப் பார்த்தாள். தோட்டத்துப் பக்கம் ஓடினாள். வடக்குக் கொடியில் பழுப்புத் துணி அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. தெற்குக் கொடி காலியாக இருந்தது. மிளகாய்த் துணியில் நிறம்தான் போயிருந்தது, காரம் போகவில்லை.

"எந்தத் துணிய எடுத்தடி?"

ஜெயமதி கொடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூடத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே கதவருகில் நின்றேன். என் கையில் அந்தக் குச்சி இன்னும் இருந்தது.

"கை மாறிப் போச்சும்மா" என்றாள்.

"கை மாறிப் போச்சா? பன்னண்டு வருசம்டி. பன்னண்டு வருசம் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியாதா? அந்தச் சாஸு எழவு எதுக்குடி நம்மளுக்கு?"

"உடு, சாந்தி. அவரு கை பிரிக்கலியே" என்றான் அப்பாண்டைராஜ்.

"பிரிச்சிருந்தாக்கூட ஒரு நாள் பட்டினியோட போயிருக்கும். கொடம் நெருப்ப இல்ல அவரு குடிச்சிட்டுப் போறாரு."

கோவிந்தம்மாள் கதவுக்கு வெளியிலிருந்து, "பாப்பாவ உடுங்கம்மா, வேணும்னா செஞ்சிச்சி?" என்றாள். அவளுக்குத் தோட்டம் முழுக்கத் தெரியும் இடம் அது. குச்சியோடு நான் கொடிக்குப் போனதை அவள் பார்த்திருக்க வேண்டும். அவளும் என்னைப் பார்த்தாள். நான் குச்சியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

பகல் மூன்று மணிக்கு நால்வரும் கோயிலுக்குப் போனோம். முனிவர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். உதடு சற்றுத் தடித்திருந்தது. அப்பாண்டைராஜ் தரையில் விழுந்து, நடந்ததைச் சொன்னான். ஜெயமதி, துணியை மாற்றிக் கட்டியவள் தான் என்று சொன்னாள். அனந்தராஜ் ஒவ்வொன்றாகக் கன்னடத்தில் எடுத்துச் சொன்னார். முனிவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"துணிய எங்க அலசினீங்கன்னு கேக்கறார்" என்றார் அனந்தராஜ்.

ஜெயமதி அதுவரை அழவில்லை. "கிணத்துலதான் விட்டேன்" என்று சொல்லும்போது அழுதுவிட்டாள்.

 முனிவர் மெதுவாக இரண்டு வாக்கியம் சொன்னார்.

"எனக்கு ஆகாரம் ஆயிடுச்சு, என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லங்கறார். கிணத்துல இருக்கறதுங்களுக்கு என்ன ஆச்சோ, அதை நெனைச்சிக்கச் சொல்றார்."

அப்போதும் நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் மண்டபத்தில் இருந்தார்கள். முன்சீப்பாக இருந்த காலத்தில் அவர்களில் பாதிப் பேருக்கு நான் நியாயம் சொல்லியிருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தம்மாள் கிணற்றில் ஒரு வாளி இறைத்துக் கையால் அள்ளிக் குடித்தாள்.

"நல்ல தண்ணி. காரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. சொம்மா பேஜார் பண்ணிக்கினு இருக்காதீங்க. உள்ள மீனெல்லாம் துள்ளிக்கினுதான் இருக்கும்."

"எங்க கிணத்துல மீனே இல்ல" என்றாள் சாந்திமதி.

"இல்லாத மீனுக்கா இவ்ளோ அழுவை?"

 வெள்ளிக்கிழமை ஜெயமதி தண்ணீர்கூட இல்லாமல் இருந்தாள். சனிக்கிழமை பத்து பாட்டில்களைக் கோவிந்தம்மாளிடம் கொடுத்துவிட்டாள். பதினோராவது என் வீட்டில் இருந்தது, அவளே முன்பு கொண்டுவந்து வைத்தது. திருப்பிக் கேட்கவில்லை. ஆடி மாதம் வரை கேப்பை அடைக்கு அதைத்தான் தொட்டுக்கொண்டேன். கெடவில்லை. நன்றாக இருந்தது. அதையும் அவளிடம் சொல்லவில்லை.

பேச்சு எங்களுக்கு முன்னால் ஊரைத் தாண்டியது. சித்திரையில் கண்டமங்கலத்திலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை. பூண்டு போட்ட சாஸை ஊற்றி முனிவரைப் பட்டினி போட்ட பெண் என்று அவர்கள் காதில் விழுந்திருந்தது. மூன்று வருஷம் கழித்துத்தான் ஜெயமதிக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை நல்லவர். மணமேடைக்கு அருகிலேயே இரண்டு பெண்கள் அந்தப் பேச்சைப் பேசினார்கள். அவள் காதில் விழுந்தது. தலையைக் குனிந்துகொண்டாள், மறுக்கவில்லை. மறுத்தால் துணியை எடுத்தது யார் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

சென்ற மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், இன்னார் என்று தெரியாமல் என்னிடமே ஒருவர் இதைச் சொன்னார். முனிவர் கையை உதறிக்கொண்டு எழுந்து போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அந்தப் பேச்சு தவறு. அந்தச் சாஸில் பூண்டு இல்லை, சுக்குதான். முனிவருக்கு யாரும் சாஸ் ஊற்றவில்லை. அவர் கை பிரியவில்லை, இருபத்தாறு கவளம் எடுத்தார். கை மாறிப் போனதாக ஜெயமதி சொன்னதும் உண்மையில்லை. வடக்குக் கொடி என்று அவள் சரியாகத்தான் சொன்னாள். தெற்குக் கொடியிலிருந்து துணியை எடுத்துக் கொடுத்தவன் நான்.